சாலையில் குறுக்கே வரும் விலங்குகள்: கிராமச் சாலைகளிலும் காட்டுச் சாலைகளிலும் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விலங்கு மீது வண்டி மோதிய பிறகு ஓட்டியவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் "திடீர்னு குறுக்க வந்துடுச்சு" என்பதுதான். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மானோ மாடோ பல நேரம் முன்பே சாலையோரத்தில் நின்றிருக்கும். விளக்கு வெளிச்சம் அதன்மேல் பட்டதற்கும் வண்டி அதன்மேல் போய் இடித்ததற்கும் நடுவே, நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். கீழே வரும் பதில்களில் பாதி எப்படியோ சுற்றி இந்த இடத்துக்கே வந்து சேரும்.

எந்த நேரத்தில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்?

பொழுது சாயும் நேரம், அதன்பின் வரும் முதல் சில மணி நேரம், அப்புறம் விடியற்காலை. மேயப்போவது, தண்ணீருக்குப் போவது, பகலில் படுத்திருந்த இடத்துக்குத் திரும்புவது எல்லாம் இந்த நேரங்களில்தான் நடக்கும். நம் கண் ரொம்பத் தடுமாறும் நேரமும் இதுவேதான்: வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும், சாலை இருண்டிருக்கும், வண்டியின் விளக்கு எரிந்தாலும் பெரிதாக எடுபடாது. பலர் நள்ளிரவைத்தான் பயத்தோடு பார்க்கிறார்கள், அந்தி நேரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பருவமும் கணக்கில் வரும். கோடையில் தண்ணீர் வற்றினால் விலங்குகள் சாலையைத் தாண்டிக் குளம், ஆறு தேடிப் போகும். முதல் மழைக்குப் பிறகு காட்டுச் சாலையோரம்தான் முதலில் பச்சைப் புல் முளைக்கும், மான்கள் அங்கேயே நிற்கும். இணைசேரும் காலத்தில் ஆண் விலங்குகள் எதையும் பார்க்காமல் ஓடும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மான் மோதும் விபத்துகள் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பனி விழும் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அதை நக்கவே மூஸ் என்ற பெரிய மான் வகை சாலைக்கு வரும்.

இரவில் எவ்வளவு வேகம் போகலாம்? போர்டில் 80 என்று போட்டிருக்கிறதே?

போர்டில் இருப்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு. உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பது அந்தப் போர்டுக்குத் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் வரும்போது இது தாராளமான கணக்கு இல்லை, நடைமுறையில் பலருக்கு இவ்வளவு ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடியிலேயே வண்டி 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் முழு பலத்தோடு பிரேக் அழுத்தினால் நிற்க இன்னும் ஏறக்குறைய 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 68 மீட்டருக்குப் போகும், 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 97 மீட்டர். சாதாரண காரின் லோ பீம், அதாவது தாழ்த்திய விளக்கு, நன்றாகக் காட்டும் தூரம் சுமார் 50, 60 மீட்டர்தான். அதாவது லோ பீமில் 80 கி.மீ. போகிறீர்கள் என்றால், விளக்கு காட்டும் தூரத்துக்குள் உங்களால் நிறுத்த முடியாது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 45 மீட்டர் தள்ளி ஒரு காட்டுப்பன்றி நிற்கிறது. 60 கி.மீ. வேகத்தில் வந்தவர் அதன் முன்னால் வந்து நின்றுவிடுவார். 80 கி.மீ. வேகத்தில் வந்தவரும் அதே இடத்தில், அதே ஒன்றரை விநாடியில் பிரேக் பிடிக்கிறார். அவர் எந்த வேகத்தில் மோதுவார்? 20 கி.மீ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப்படி வருவது 65 கி.மீ. ஏனென்றால் அவர் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் 33 மீட்டர் போய்விட்டது, மிச்சமிருந்த 12 மீட்டரில் வண்டி எவ்வளவு குறையும்? முதல் 20 கி.மீ. குறைத்ததில் கிடைக்கும் லாபம் இவ்வளவு பெரியது. மழையில் நனைந்த சாலை என்றால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காகிவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே விலங்கு நடமாட்டம் உள்ள சாலையில் இரவில் 50, அதிகம் போனால் 60. வளைவில் அதற்கும் கீழே, ஏனென்றால் வளைவில் விளக்கு சாலையைக் காட்டாமல் நேரே மரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இருபது கிலோமீட்டர் நீளமுள்ள காட்டுப் பகுதியை 80 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம், 50 கி.மீ. வேகத்தில் கடக்க 24 நிமிடம். வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான்.

ஹை பீம் போட்டே ஓட்டலாமா?

எதிரே வண்டி இல்லை, முன்னால் வண்டி இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள், போடவும் வேண்டும். எதிரே வண்டி வந்தால் தாழ்த்துங்கள், அதோடு வேகத்தையும் குறையுங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் செய்வதில்லை. எதிர் வண்டியின் ஒளி கண்ணில் பட்ட பிறகு பார்வை பழைய நிலைக்கு வரச் சில விநாடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். அந்தச் சில விநாடிகள் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதாகத்தான் அர்த்தம்.

சாலையில் விலங்கு நிற்பதைப் பார்த்துவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே விளக்கைத் தாழ்த்துங்கள். இருட்டுக்குப் பழகிய அதன் கண்ணில் பலமான ஒளி பட்டால் அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் உறைந்து நிற்கும். மானும் முயலும் அப்படி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிடிவாதமாக நிற்பதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம், அதற்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம், கிளம்பும் முன் ஹெட்லைட் கண்ணாடியைத் துடையுங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள், உள்ளே படியும் மெல்லிய புகைப்படலம் இரவில் எதிர் ஒளியைச் சிதறடித்துவிடும். பின்னால் ஆட்களும் மூட்டைகளும் ஏற்றியிருந்தால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், விளக்கு மரக்கிளையைக் காட்டும். விளக்கைத் தாழ்த்தும் சின்ன திருகு பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்கு அருகிலேயே இருக்கிறது.

கண் மின்னுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. மான், மாடு, நாய், பூனை, சிறுத்தை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. குறைந்த ஒளியில் பார்க்க அது உதவுகிறது. நம் விளக்கு பட்டால் அதனால்தான் பச்சையாக, மஞ்சளாக மின்னுகிறது. ஆனால் பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. கறுத்த உடம்பு, தாழ்ந்த உயரம், கண்ணும் மின்னாது. குரங்குக்கும் மின்னாது. மின்னும் கண் உள்ள விலங்குகூடத் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தாலோ முதுகைக் காட்டி நின்றாலோ உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மூஸ் போன்ற உயரமான விலங்குக்குக் கண் இருக்கும் உயரத்துக்கு லோ பீம் எட்டாது.

ஆகவே மின்னினால் உடனே குறையுங்கள், ஆனால் மின்னவில்லை என்பதால் சாலை காலியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எதிரே தூரத்தில் வரும் வண்டியின் விளக்கு ஒரு கணம் மறைந்து மறுபடி தெரிந்தால், நடுவில் ஏதோ கடந்து போனது என்று அர்த்தம். அனுபவப்பட்ட லாரி ஓட்டுநர்கள் கவனிக்கும் அடையாளம் இது.

சாலையில் எந்த இடங்களில் விலங்கு வரும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். காடும் வயலும் சந்திக்கும் விளிம்பு, ஓடைமேல் கட்டிய சிறு பாலம், குளக்கரை, இருபுறமும் புதர் அடர்ந்து சாலை குறுகும் இடம். இவையெல்லாம் விலங்குகள் காலங்காலமாக நடந்த தடங்களின் மேல் நாம் சாலை போட்ட இடங்கள். சாலையோர மண்ணில் பக்கவாட்டில் இறங்கும் ஒற்றையடித் தடம், புதிதாகக் கிடக்கும் யானைச் சாணம், முறிந்து கிடக்கும் மூங்கில் எல்லாம் பகலில் போகும்போதே கண்ணில் படும். விலங்கு படம் போட்ட எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே ஏதாவது அடிபட்டிருக்கும்.

பார்வையை சாலையின் நடுக்கோட்டிலேயே வைக்காமல் இரண்டு ஓரங்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்புங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். போனில் மூழ்கியிருப்பதைவிட அவருக்கும் அது சுவாரசியமாக இருக்கும்.

ஒரு மான் கடந்து போய்விட்டது. இனி கிளம்பலாம்தானே?

கிளம்பாதீர்கள். பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மான், காட்டுப்பன்றி, காட்டெருமை, யானை எல்லாம் கூட்டமாகவும் தாயும் குட்டியுமாகவும் நகர்பவை. முதலில் கடந்தது அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் இன்னும் வர வேண்டியது இருக்கும். பின்தங்கிய குட்டி சாலையைப் பார்க்காது, தாயை மட்டும் பார்த்து ஓடி வரும். முதல் மானைத் தவிர்த்த நிம்மதியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இரண்டாவதை இடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நேரே முன்னால் வந்துவிட்டது. வளைப்பதா, பிரேக்கா?

பிரேக். நேராகப் பிடித்துக்கொண்டு, முழு பலத்தோடு. ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள வண்டியில் பெடல் காலுக்கு அடியில் துடிக்கும், சத்தம் வரும். பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள்.

ஸ்டியரிங்கைப் பட்டென்று வெட்டுவதுதான் உயிரை வாங்குகிறது. மானைத் தவிர்க்க வெட்டியவர் எதிரே வரும் லாரியிலோ சாலையோர மரத்திலோ மோதுகிறார், இல்லையென்றால் சாலையின் விளிம்பில் சக்கரம் இறங்கி வண்டி உருள்கிறது. விலங்கோ அதற்குள் நகர்ந்து போயிருக்கும், அதுவும் பல நேரம் நீங்கள் வெட்டிய அதே பக்கம். திடீரென்று வெட்டித் திருப்பினால் ஒரு கார் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க ஸ்வீடனில் மூஸ் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1997இல் அப்போது புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் அந்தச் சோதனையில் கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பை அந்தக் காரில் எல்லா வகையிலும் பொருத்தினார்கள். சோதனை ஓட்டுநர் ஓட்டிய புதுக் காரே கவிழும் என்றால் நம் கையில் என்ன இருக்கிறது?

சரி, முயல், கீரி போன்ற சின்ன விலங்கு என்றால்? மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பின்னால் வண்டி நெருங்கி வராவிட்டால் பிரேக் பிடியுங்கள், ஆனால் அதற்காகவும் வெட்டாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் உயிரை அதற்கு ஈடாக வைக்க முடியாது.

பெரிய விலங்கு விஷயம் வேறு. மாடு, குதிரை, ஒட்டகம், மூஸ் போன்றவற்றின் கால்கள் நீளம், கார் இடித்தால் காலைத் தட்டிவிட்டு மொத்த உடம்பும் முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். இங்கே கடைசிவரை பிரேக்கிலேயே இருந்து, மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால், சாலைக்குள்ளேயே, வண்டி கட்டுப்பாட்டில் இருக்கும் அளவுக்கு மட்டும், அது வந்த திசைப் பக்கம் அதாவது அதன் பின்பக்கம் சற்றே திருப்புங்கள். விலங்கு பெரும்பாலும் முன்னோக்கித்தான் நகரும். சீட் பெல்ட் போட்டிருப்பது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஹாரன் அடித்தால் ஓடிவிடாதா?

தூரத்தில் சாலையோரம் மான் அல்லது மாடு நிற்கிறது என்றால், வேகத்தைக் குறைத்துவிட்டுச் சின்னதாக ஒருமுறை அடிக்கலாம். பக்கத்தில் போய் நீளமாக அடித்தால் அது மிரண்டு எந்தப் பக்கமும் பாயலாம், உங்கள் வண்டிமேலேயே பாயலாம். யானை, காட்டெருமை, கரடி எதிரில் ஹாரனைத் தொடவே தொடாதீர்கள்.

யானை சாலையில் நிற்கிறது. என்ன செய்வது?

தூரத்திலேயே நிறுத்துங்கள், எவ்வளவு தூரத்தில் முடியுமோ அவ்வளவு தூரத்தில். முன்னால் ஏற்கெனவே வண்டிகள் நின்றிருந்தால் அவற்றோடு ஒட்டி நிறுத்தாமல் இடைவெளி விடுங்கள், ஏனென்றால் முதல் வண்டிக்காரர் பின்னால் வர வேண்டியிருந்தால் அவருக்கு இடம் வேண்டும். காட்டுச் சாலையில் நடக்கும் அசம்பாவிதங்களில் இது அடிக்கடி வரும் சிக்கல்: யானை முன்னேறி வருகிறது, முதல் வண்டியால் நகர முடியவில்லை, பின்னால் பத்து வண்டிகள் மூக்கோடு மூக்கு ஒட்டி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இன்ஜினை அணைக்க வேண்டாம், ஆனால் உறுமவும் விடாதீர்கள். ஹை பீம் வேண்டாம், அடிக்கடி விளக்கை அணைத்துப் போட வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், யாரும் இறங்கக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. அது தன் வேலையை முடித்துக்கொண்டு போகட்டும், அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

யானைக்கும் அதன் குட்டிக்கும் நடுவில், அல்லது கூட்டத்தின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் வண்டியை நுழைப்பது மிகப்பெரிய ஆபத்து. காதை விரித்து, தலையைத் தூக்கி உங்களையே நேராகப் பார்க்கிறது, காலால் மண்ணை உதைக்கிறது, தும்பிக்கையைச் சுருட்டிக்கொள்கிறது என்றால் அது "போய்விடு" என்கிறது. மெதுவாக, சீராக ரிவர்ஸ் எடுங்கள். சில நேரம் நாலு எட்டு ஓடிவந்து மிரட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் இது வெறும் மிரட்டலா, உண்மையான தாக்குதலா என்று காருக்குள் உட்கார்ந்து நாம் தீர்மானிக்க முடியாது. யானையால் மணிக்கு ஏறக்குறைய 25 கி.மீ. வேகத்தில் வர முடியும், மலைவளைவில் ரிவர்ஸில் அந்த வேகம் உங்களுக்கு வராது. அதனால்தான் தூரத்திலேயே நிறுத்தச் சொல்கிறேன். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானை என்றால் வேடிக்கை பார்க்கவே நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

காட்டு விலங்கு இல்லை, எங்கள் பக்கம் ஆடு, மாடு, நாய்தான்.

ஆபத்து ஒன்றும் குறைவில்லை, சொல்லப்போனால் கிராமச் சாலையில் அன்றாடம் சந்திப்பது இவற்றைத்தான். மாடு மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடுவழியில் மனம் மாறித் திரும்பும், கன்று ஓடி வரும். கறுப்பு எருமை இரவில் தார்ச்சாலையோடு கலந்துவிடும். ஆடு கூட்டத்தில் ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பாயும். மேய்ப்பவர் கையைக் காட்டினால் நிறுத்தி, அவர் ஓட்டிச் சென்ற பிறகு போங்கள். நாய் சாலையில் பாதிவரை வந்து திரும்பி ஓடும், அதன் அடுத்த அடி எங்கே என்று அதற்கே தெரியாது.

பைக்கில் போகிறேன். எனக்கு என்ன தனியாக?

உங்களுக்குத்தான் எல்லாம் கூடுதல். காருக்கு பம்பர் போகும் இடத்தில் உங்களுக்கு எலும்பு போகும். ஒரு நாயோ மயிலோ போதும், விழுந்துவிடுவீர்கள். அதனால் இரவு காட்டுச் சாலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள், முடியாதபோது காரைவிடக் குறைவான வேகத்தில் போங்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி நிமிர்ந்து நேராக இருக்க வேண்டும், இரண்டு பிரேக்கும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது விலங்கைப் பார்த்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள். துரத்தும் நாயை உதைக்கப் போகாதீர்கள், பேலன்ஸ் போய்விடும். அது பக்கவாட்டில் வருகிறது என்றால் முதலில் கொஞ்சம் வேகம் குறைத்து, பிறகு சீராக எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். முகம் மூடும் ஹெல்மெட்டும் சுத்தமான வைசரும் கட்டாயம். இரவில் பூச்சி கண்ணில் விழுந்தாலே போதும், ஒரு விபத்துக்கு.

பாம்பு, ஆமை, தவளை எல்லாம் எதற்குச் சாலைக்கு வருகின்றன?

பாம்பும் ஓணானும் வெயிலில் சூடான தார் மேல் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வரும், மாலையில் காற்று குளிர்ந்தாலும் தார் சூடாகவே இருக்கும். தவளைகளும் நண்டுகளும் முதல் மழையில் இனப்பெருக்கத்துக்காக மொத்தமாகக் கிளம்பும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் கடலை நோக்கி நகரும் நாட்களில் சாலைகளையே மூடிவிடுகிறார்கள், அவை ஏறிக் கடக்கத் தனியாகப் பாலமும் கட்டியிருக்கிறார்கள்.

ஆமையைப் பார்த்தால், பின்னால் வண்டி வரவில்லை, நிறுத்த இடம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்து அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையைத் தாண்டி வையுங்கள். வந்த பக்கமே திருப்பி வைத்தால் அது மறுபடி சாலையில்தான் ஏறும். பாம்பைக் கையால் தொடவே வேண்டாம், நின்று வழி விடுங்கள்.

பறவைகள்?

அடிபட்டுக் கிடக்கும் விலங்கைத் தின்ன வரும் கழுகு, பருந்து, காகம் எல்லாம் தின்ற வயிற்றோடு மேலே எழும்ப நேரம் எடுக்கும். மயிலுக்கும் உடம்பு கனம், தாழ்வாகத்தான் கிளம்பும், கார் கண்ணாடி உயரத்துக்கே வரும். ஆந்தை இரவில் எலியைக் குறிவைத்துச் சாலைக்குமேல் தாழப் பறக்கும். ஆகவே சாலையில் செத்த விலங்கு கிடந்தால் அங்கே வேறு எதுவோ தின்றுகொண்டிருக்கும் என்று எதிர்பாருங்கள்.

வண்டியில் ஒட்டும் விசில் கருவி, முன்னால் போடும் இரும்புக் கம்பி இதெல்லாம் உதவுமா?

காற்று வேகத்தில் ஊதும் அந்த விசிலால் மான் விலகும் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. காசு போவதைவிட, அது இருக்கிறதே என்ற தைரியத்தில் வேகமாகப் போவதுதான் ஆபத்து. முன் இரும்புக் கம்பியோ, வண்டி தானாக நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அமைப்பைக் கெடுக்கும், ஏர்பேக் வேலை செய்வதையும் பாதிக்கலாம், குறுக்கே வரும் மனிதருக்கும் கொடூரமான காயம் உண்டாக்கும். வேண்டாம். புதுக் கார்களில் வரும் தானியங்கி பிரேக் நல்ல விஷயம், ஆனால் அதில் பெரும்பாலானவை வண்டியையும் மனிதரையும் அடையாளம் காணப் பழக்கப்பட்டவை, விலங்கைப் பார்த்து நிறுத்தும் என்று நம்பி உட்காராதீர்கள்.

வழியில் குரங்குக்கு ஏதாவது தின்னக் கொடுத்தால் என்ன தப்பு?

அன்பாகத்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் அதன் விலையை அந்தக் குரங்கு கொடுக்கிறது. வண்டி என்றால் தீனி என்று கற்றுக்கொண்ட குரங்கு காட்டுக்குள் போகாமல் சாலையிலேயே உட்காரும், குட்டியையும் அங்கேயே வளர்க்கும், ஒருநாள் சக்கரத்தில் சிக்கும். கண்ணாடி வழியாக எறியும் பழத்தோலும் மிச்சச் சோறும் அதே வேலையைத்தான் செய்யும்: அதைத் தின்ன எலி வரும், எலியைத் தின்ன பாம்பும் ஆந்தையும் வரும், ஒவ்வொன்றும் சாலையில். மூடி வைத்து ஊருக்குள் கொண்டுவந்து போடுங்கள்.

மோதிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை ஓரம் கட்டி நான்கு பக்க விளக்கையும் போடுங்கள். உள்ளே யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை இருந்தால் ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வையுங்கள், அடுத்து வரும் வண்டி உங்கள்மேல் மோதுவதுதான் இப்போது பெரிய ஆபத்து. ஆனால் யானை, சிறுத்தை, கரடி, காட்டெருமை சுற்றுவட்டத்தில் இருக்கலாம் என்றால் இறங்காமல், வண்டி ஓடும் நிலையில் இருந்தால் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அங்கிருந்து கூப்பிடுங்கள்.

அடிபட்ட விலங்கின் அருகே போகாதீர்கள். வலியில் இருக்கும் மான்கூட காலால் உதைத்தால் எலும்பு முறியும், காட்டுப்பன்றியும் சிறுத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் ஊற்றுவது, தூக்கி வண்டியில் போடுவது எதுவும் வேண்டாம், மனிதக் கை பட்டாலே சில விலங்குகள் பயத்தில் உயிரை விட்டுவிடும். வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள், கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், போனில் இருக்கும் இடக் குறியீட்டை அனுப்புங்கள். விலங்கு காட்டுக்குள் ஓடிவிட்டாலும் சொல்லுங்கள், உள்ளே போய்ப் படுத்துத் துடித்துக்கொண்டிருக்கும். ஓடிவிட்டதால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கிளம்பும் முன் ரேடியேட்டர் ஒழுகுகிறதா, டயரில் ஏதாவது உரசுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். காப்பீட்டுக்கு நாலு படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது.

இரவில் காட்டுச் சாலையை மூடுவது அநியாயம் இல்லையா? வேறு வழியே கிடையாதா?

அவசரமாகப் போக வேண்டியவர்களுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலங்குகள் அதிகம் நடமாடும் நேரத்தில் வண்டியே இல்லாமல் செய்வதற்கு நிகரான பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை. கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நான் இந்தத் தடையின் பக்கம்தான்.

வேறு வழிகளும் உண்டு, பணம் செலவழிக்க மனசு வேண்டும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 2.4 மீட்டர் உயர வேலி போட்டு, விலங்குகள் கடக்க 6 மேம்பாலங்களும் 38 சுரங்கப் பாதைகளும் கட்டினார்கள். விலங்கு மோதும் விபத்துகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. இங்கே முக்கியம் வேலியும் பாலமும் சேர்ந்து இருப்பது, பாலம் மட்டும் கட்டினால் விலங்கு தன் இஷ்டப்படி சாலையில் இறங்கிவிடும். கென்யாவில் மவுண்ட் கென்யா அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் யானைகளுக்காகவே கட்டிய பாதையில் 2011 முதல் யானைகள் போய்வருகின்றன. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் உள்ள பெஞ்ச் காட்டு வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல் மேம்பாலங்களுக்கு அடியில் புலிகள் நடந்து போவதைக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் தரையில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தந்தார்கள்.

எங்கள் சாலையில் ஒரே இடத்தில் அடிக்கடி அடிபடுகிறது. யாரிடம் சொன்னால் நடக்கும்?

வெறுமனே "அடிக்கடி அடிபடுகிறது" என்று சொன்னால் எங்கும் நகராது. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எந்த விலங்கு, கிலோமீட்டர் கல், ஒரு படம் என்று குறித்துவையுங்கள். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆறு மாதம் இப்படிக் குறித்தால், எந்த நூறு மீட்டரில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு சாலையைப் பராமரிக்கும் துறைக்கும் வனத்துறைக்கும் ஒரே கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது மலிவான விஷயங்களை: சாலையோரப் புதரை இரண்டு பக்கமும் சில மீட்டர் அகலத்துக்கு வெட்டிவிடுவது, அந்த இடத்தில் வேகத்தடை, இரவில் தெரியும் எச்சரிக்கைப் பலகை. புதர் வெட்டுவதை மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே மழையில் மறுபடி வளர்ந்துவிடும்.